ஃபோர்டு மாடல் டி மரப்பெட்டிக் காயில்: கண்டன்சர் மாற்றி, மறுபடி தார் ஊற்றி ஓட்டியதில் தெரிந்தவை

1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி காரில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில் (பிளக்குக்கு உயரழுத்த மின்சாரம் தரும் கம்பிச் சுருள், தார் நிரப்பிய மரப்பெட்டிக்குள் இருக்கும்). ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் முதலில் காயில்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸும் கூடவே நகர்ந்தால் கோளாறு காயிலில். நகரவில்லை என்றால் பிளக், டைமர் (எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்று பிரித்துவிடும் சுழல் சுவிட்ச்), ஒயர் பக்கம் தேடுங்கள்.

காயில்தான் என்றால் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் கண்டன்சர் (மின்தேக்கி). மெழுகுத் தாளும் உலோகத் தகடும் சுற்றிய பழைய சரக்கு, ஈரம் ஏறி லீக் ஆகும். பாயிண்டில் (காயிலின் மேல் அதிர்ந்து திறந்து மூடும் தொடர்பு முனைகள்) வெள்ளையாகத் தீப்பொறி பறந்தால் அதுதான் அடையாளம். பெட்டியைத் திறக்கும் முன் செகண்டரியை (உயரழுத்தம் தரும் மெல்லிய கம்பிச் சுருள்) மீட்டரில் பாருங்கள்; சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். அறுந்திருந்தால் கண்டன்சர் மாற்றிப் பயனில்லை.

தாரை எடுக்க ஹீட் கன் வேண்டாம். இளகிய தார் மெல்லிய கம்பிகளையும் இழுத்துக்கொண்டு வரும். ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் உளிக்குச் சில்லுச் சில்லாகப் பெயரும். கண்டன்சர் இருக்கும் பக்கத்தை மட்டும் தோண்டினால் போதும், சுருளைத் தொடாதீர்கள்.

புதிதாகப் போட வேண்டியது 0.47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட்டுக்குக் குறையாத பாலிப்ரொப்பிலீன், அதுவும் பல்ஸ் வேலைக்கென்று வருவது. பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் சில நூறு வோல்ட் எகிறும். அதைத் தாங்காத மலிவுச் சரக்கு புதிதில் நன்றாகவே ஓடும். ஓட ஓட மதிப்பு இறங்கி, பாயிண்ட் மறுபடி கருகும்.

மறுபடி ஊற்றத் தாரே நல்லது. எப்பாக்ஸி பார்க்க அழகு, ஆனால் அடுத்த முறை பிரிக்கவே முடியாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்டன்சர் கெடும்; பாலிப்ரொப்பிலீன் பொதுவாக 105 டிகிரிக்கு மேல் தாங்காது. ஆறி, தேன் பதத்துக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் தங்கினால் அங்கேதான் உயரழுத்தம் ஓட்டை போடும். விரிசல் விட்ட மரத்தையும் அப்படியே விடாதீர்கள். ஈர மரம் கரண்டைக் கடத்தும். மழை நாளில் மட்டும் வரும் மிஸ்ஸுக்குக் காரணம் பல நேரம் இதுதான். பெட்டிக்கு ஷெல்லாக் போதும். கார்பன் கலந்த கறுப்புப் பெயின்ட் கூடவே கூடாது.

பாயிண்ட் இடைவெளி 0.031 அங்குலம், குஷன் ஸ்பிரிங் (மேல் பாயிண்டைத் தாங்கும் சிறு ஸ்பிரிங்) அசைவு 0.005. அதற்குப் பிறகு கைச்சுழற்றி டெஸ்டர்தான் (கையால் சுற்றி, காயில் இழுக்கும் ஆம்பியரையும் விழும் ஸ்பார்க்கையும் பார்க்கும் கருவி). பலர் பேட்டரியில் போட்டு, ரீங்காரத்தைக் காதால் கேட்டே பாயிண்ட் ஸ்பிரிங்கின் டென்ஷன் வைக்கிறார்கள். ஸ்பார்க் இரட்டிப்பாக விழுவது அதில் தெரியாது. 1.3 ஆம்பியரில், ஒரு சுற்றுக்கு 16 ஸ்பார்க்கும் ஒற்றையாக, ஒரே சீராக விழ வேண்டும். சோதிக்கும்போது ஸ்பார்க் குதிக்க இடைவெளி வைக்காமல் காயிலை ஓட்டாதீர்கள். வெளியே வழி இல்லையென்றால் அது செகண்டரிக்குள்ளேயே துளைத்துவிடும்.