இலைச் சாப்பாடா, சம்படத்துப் பலகாரமா?

போன பொங்கல் முடிந்த வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். ரத்தச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.2 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். உள்ளே போகவில்லை, வாசற்படியில் நிற்கிறேன். “பொங்கல் கொஞ்சம் பலமோ?” என்று டாக்டர் சிரித்தார். பழியைத் தூக்கிச் சர்க்கரைப் பொங்கல் தலையில் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பரிசோதனை ஒரு நாள் கணக்கைக் காட்டுவதில்லை, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது. கடைசி மாதத்துக்குக் கனம் கூடுதல், அவ்வளவுதான். தையிலிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் தீபாவளி வந்துவிடுகிறது. அப்போது நிரப்பிய சம்படம் கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழிப் பிரசாதம் என்று மாறி மாறி நிரம்பியதே தவிர, காலியானதாக நினைவில்லை.

அதிலிருந்து நம் பண்டிகைகளை நான் இரண்டு கட்சியாகத்தான் பார்க்கிறேன். ஆடிப்பெருக்கும் பொங்கலும் இலைப் பண்டிகைகள். சமைத்தோம், சாப்பிட்டோம், இலையை மடித்தோம், முடிந்தது. தீபாவளியும் கிருஷ்ண ஜெயந்தியும் சம்படப் பண்டிகைகள். பண்டிகை ஒரு நாள், பலகாரம் இரண்டு வாரம்.

இலைக்கட்சி ஒன்றும் சுத்தமில்லை. ஆடி 18 அன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். கட்டுச்சாதக் கூடையைத் திறந்தால் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கூடவே சர்க்கரைப் பொங்கல். கொறிக்கக் காப்பரிசி, அதுவும் ஊறவைத்த அரிசியும் வெல்லமும்தான். காவிரிக்கு அரிசியால் செய்யும் மரியாதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கூடையில் காய் என்று பார்த்தால் ஊறுகாய்தான் இருக்கும். ஒரு டப்பா சுண்டலோ வெள்ளரிக்காயோ கூடக் கொண்டுபோனால் யாரும் அடிக்கப்போவதில்லை.

பொங்கல் இலை அப்படியில்லை. எங்கள் பக்கம் பொங்கலுக்குக் குழம்பு என்றால் பரங்கிக்காய், அவரை, பச்சை மொச்சை, கத்தரிக்காய், வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் ஒரே பானையில் விழும். வருஷத்தில் இவ்வளவு காய் ஒரே வேளையில் உள்ளே போகிற நாள் வேறு இல்லை. காயும் மொச்சையும் முதலில் வயிற்றுக்குள் போய், சோறும் இனிப்பும் பின்னால் போனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். அதனால் குழம்புக் காயை இரண்டு கரண்டி தனியாகக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் பிறகு சர்க்கரைப் பொங்கலைத் தொடுகிறேன். நெய், முந்திரி எதையும் குறைக்கச் சொல்வதில்லை. கரண்டியைத்தான் ஒன்றோடு நிறுத்துகிறேன்.

சரி, சம்படத்துக்கு வருவோம். அதற்குள் எது நல்லது என்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு வழக்கு நடக்கும்.

அத்தையின் கட்சி அதிரசம். “சீனியே இல்ல, வெல்லம்தான் போட்டிருக்கேன், தாராளமா சாப்பிடு. நல்ல நாளும் அதுவுமா வேணாங்காதே.” அத்தையை எதிர்த்துப் பேச முடியாது, கணக்கைச் சொல்லலாம். 100 கிராம் சீனியில் சுமார் 400 கலோரி, அதே அளவு வெல்லத்தில் சுமார் 380. வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, மணமும் உண்டு. ஆனால் ரத்தத்துக்குள் போனதும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இனிப்பு போதவில்லை என்று வெல்லத்தைக் கூடப் போட்டால் அந்த இருபது கலோரி லாபமும் போச்சு. நாட்டுச் சர்க்கரைக்கும் இதே தீர்ப்புதான்.

தம்பியின் கட்சி அசோகா அல்வா. “பாசிப்பருப்புண்ணே, புரோட்டீன்.” உண்மைதான், பருப்பு எடையில் கால்வாசி புரதம். ஆனால் திருவையாற்று அசோகாவுக்கு ஒரு பங்கு பருப்பு என்றால் இரண்டு பங்கு சீனி போடுவது சாதாரணம், நெய் தனி. புரதத்துக்காக அசோகா தின்பது கரும்புக்காகச் சர்க்கரை ஆலையை வாங்குவது மாதிரி. ருசிக்காகச் சாப்பிடுங்கள், அதற்கு அது தகும்.

அப்பாவின் கட்சி முறுக்கு, தட்டை. சர்க்கரைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இனிப்பில்லை என்ற தைரியத்தில் கை தானாகப் போகும். அரிசிமாவும் உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. குடித்த எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுக்கு 4-தான். உப்பு வேறு, ரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு அது தனித் தலைவலி. இன்னொன்று, அதிரசம் ஒன்று தின்றால் திகட்டும், முறுக்கு திகட்டுவதே இல்லை. என்னைக் கேட்டால், சம்படத்துக்குள் மூவரில் ஆபத்தானது முறுக்குதான். அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி மருந்தையும் சொல்லிவிடுகிறேன். சுக்கு, ஓமம், திப்பிலி எல்லாம் சரி, காலையில் ஒரு சின்ன உருண்டை நன்றாகவே இருக்கிறது. அதையே அனுமதிச் சீட்டாக வைத்துக்கொண்டு மதியம் வரை பலகாரம் தின்பவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் நான். அந்த மருந்திலும் வெல்லமும் நெய்யும் இருக்கின்றன.

பாரம்பரிய அரிசியும் போட்டியில் உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களுக்கு அப்புறம் மாப்பிள்ளை சம்பாவும் பூங்காரும் கருங்குறுவையும் பல வீடுகளுக்குத் திரும்பி வந்தன. தீட்டாத சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல், மென்று தின்ன நேரமும் பிடிக்கும். தினச்சோற்றுக்கு நல்ல மாற்று. ஆனால் அதை மாவாக்கி, வெல்லப்பாகில் பிசைந்து, எண்ணெயில் பொரித்து ‘ஹெல்த்தி அதிரசம்’ என்று விற்பதை நான் வாங்குவதில்லை. எந்த அரிசியானாலும் அதிரசம் அதிரசம்தான்.

சம்படம் வெல்வதற்கு மழையும் ஒரு காரணம். டெல்டாவில் தீபாவளி ஐப்பசி அடைமழையில் வருகிறது. வெளியே கால் வைக்க முடியாது. திண்ணையில் காபி, பக்கத்தில் சம்படம், எதிரே தொலைக்காட்சி. தை மாதம் வேறு. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நேரம், மாடு குளிப்பாட்டுவதும் வரப்பில் நடப்பதும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போவதுமாகக் கால் சும்மா இருக்காது. ஆடிப்பெருக்குக்கும் ஆற்றங்கரை வரை நடந்தாக வேண்டும். சாப்பிட்ட உடன் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தாலே சர்க்கரை ஏற்றம் தணிகிறது. மழைநாளில் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தாலும் நடைதான்.

விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடப்பதும் ஒரு வழியாகச் சிலர் சொல்கிறார்கள். நான் செய்து பார்த்தேன், மதியம் ஒன்றுக்கு இரண்டாக உள்ளே போனது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும், டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

என் ஓட்டு இலைக்குத்தான். தீபாவளியையும் முடிந்தவரை இலைக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம். அன்றைக்கே இலையில் வைத்துப் பரிமாறுவது, மீதியை அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவது, மறுநாள் சம்படத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது. இதற்கு முதலில் செய்கிற அளவு குறைய வேண்டும். இந்த வருஷம் அதிரசத்துக்கு அரைக் கிலோ அரிசிதான் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அத்தையிடம் யார் சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை.