சிறகு முளைத்த பன்றியா, தலையில் ஏறிய ஊரா?
அமெரிக்க மேடை நிகழ்ச்சிகளில் ‘வென் பிக்ஸ் ஃப்ளை’யா, ‘பீச் பிளாங்கெட் பாபிலோன்’ஆ என்று கேட்டால் என் ஓட்டு முதலாவதற்குத்தான். 1996இல் நியூயார்க்கில் ஆஃப் பிராட்வே எனப்படும் சிறிய அரங்குகளில் ஒன்றில் அரங்கேறிய இந்தச் சிரிப்பு இசைத் தொகுப்புக்குத் தன்பாலீர்ப்பாளர் வாழ்க்கைதான் மையம், பாட்டு, கிண்டல், அப்புறம் ஹோவர்ட் கிராப்ட்ரீயின் கிறுக்குத்தனமான உடைகள் எல்லாம் அதைச் சுற்றியே. உடைகளை உருவாக்கிய அந்த மனிதர் அரங்கேற்றத்துக்கு முன்பே எய்ட்ஸால் இறந்துபோனார்; அது தெரிந்தபின் அந்தக் கூத்து கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

சான் பிரான்சிஸ்கோவின் பாபிலோன் வேறு ரகம். 1974 முதல் 2019 வரை ஓடியது, பிரபலங்களையும் அரசியல்வாதிகளையும் கலாய்ப்பதுதான் முக்கிய வேலை, நகரத்தையே தலையில் தூக்கி நிற்கும் ராட்சதத் தொப்பிகள் வேறு. கண்ணுக்கு விருந்து, சரி. ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான் என்று எனக்குப் படுகிறது.