டைப் 1 பிள்ளையின் ஸ்நாக்ஸ் டப்பா: கடையில் எதை எடுக்கலாம், எதை அலமாரியிலேயே விடலாம்

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனி அலமாரி வைத்திருப்பார்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள சின்னப் பிள்ளைக்கு ரீசஸ் டப்பா நிரப்ப வேண்டிய பெற்றோர் முதலில் அங்கேதான் போய் நிற்பார்கள். அந்த அலமாரியில் எடுக்கத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. உருப்படியானவை பால் பொருள் ஃப்ரிட்ஜிலும் மளிகைப் பக்கம் வேர்க்கடலை இருக்கும் இடத்திலும்தான் கிடைக்கும். எல்.கே.ஜி. முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருட்களை இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். பார்த்தது மூன்று விஷயம். ஒரு டப்பா அளவில் மாவுச்சத்து எத்தனை கிராம்? காலை ஏழரைக்குக் கட்டினால் பத்தரை வரை கெடாமல் இருக்குமா? பிள்ளை கையில் ஒட்டாமல், சிந்தாமல் பத்து நிமிடத்தில் தின்று முடிக்குமா?

கடைக்குப் போகும் முன் பிள்ளை எந்த இன்சுலினில் இருக்கிறது என்று பாருங்கள். காலையில் ரெகுலரும் (குறுகிய நேரம் வேலை செய்வது) என்.பி.எச்.சும் (அதைவிட நீண்ட நேரம் வேலை செய்வது) சேர்த்தோ, இரு வகை முன்பே கலந்து வரும் பிரிமிக்ஸோ போடும் பிள்ளைக்கு முற்பகலில் இன்சுலின் முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்கு மாவுச்சத்துள்ள ஸ்நாக்ஸ் கட்டாயம் வேண்டும். சீஸும் வெள்ளரிக்காயும் மட்டும் கொடுத்து அனுப்பினால் பதினோரு மணி வாக்கில் லோ ஆகிவிடும், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கீழே நல்லது என்று சொல்லும் பொருட்கள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு ராபிட் (வேகமாக வேலை செய்யும்) இன்சுலினும் அதனுடன் பேசல் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும்) இன்சுலினும் போடுகிற பிள்ளைகளுக்கும், இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்களுக்கும்தான். ஊசி இல்லாமல் எத்தனை கிராம் வரை கொடுக்கலாம் என்ற வரம்பை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இது ரீசஸ் நேரத்துக்கு மட்டுமான யோசனை என்பதும் நினைவிருக்கட்டும். வளரும் பிள்ளைக்கு நாள் முழுக்க மாவுச்சத்தை வெட்டுவதைக் குழந்தைகள் நீரிழிவுக்கான சர்வதேச அமைப்பான இஸ்பாட் பரிந்துரைக்கவில்லை.

முதலில் அந்தத் தனி அலமாரி. சுகர் ஃப்ரீ பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கம் சர்க்கரையைப் பற்றி மட்டும்தான் பேசும். 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. மாவைப் பற்றி அந்த வாசகத்துக்குக் கவலை இல்லை. பின்பக்கத்தைத் திருப்பினால் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து, சுருக்கமாக கார்ப்) 100 கிராமுக்கு 65, 70 என்று இருக்கும். சாதாரண மாரி பிஸ்கட்டிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், சற்றுக் கூடுதலாக இருக்கலாம். விலைதான் எங்கேயோ இருக்கிறது. இனிப்புக்கு மால்டிடால் சேர்த்திருந்தால் அதுவும் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். நாலைந்து பிஸ்கட் தின்ற சின்ன வயிறு பொருமும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் வரும். பாலியால் (மால்டிடால் போன்ற இனிப்பூட்டி வகை) பற்றிய எச்சரிக்கையைப் பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கும். மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அதுவும் பாக்கெட் நன்றாக ஒட்டியிருப்பதற்காக.

ராகி பிஸ்கட், தினை முறுக்கு, கருப்பட்டி மிட்டாய் எல்லாம் இதே கதை. ராகியில் 100 கிராமுக்கு 70 கிராமை ஒட்டி மாவுச்சத்து. சுண்ணாம்புச் சத்துக்கு ராகி அருமையான தானியம், ஆனால் குறைந்த கார்ப் ஸ்நாக்ஸ் ஆகாது. கருப்பட்டியை இன்சுலின் சர்க்கரையாகத்தான் பார்க்கும்.

பொட்டுக்கடலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுவது இங்கேதான். புரதம் நிறைய, பருப்பு வகை, ஆகவே சர்க்கரை ஏறாது என்று கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். 100 கிராமில் 55 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பெரியவர் கையால் ஒரு பிடி என்பது சுமார் 30 கிராம் வரும். அதிலேயே 17 கிராம். மெதுவாக ஏறும் என்பது சரி, ஏறாது என்பது தவறு. 10 கிராம் அளந்து வேறு எதனுடனாவது கலந்தால் 6 கிராமுக்குள் அடங்கும். கொண்டைக்கடலை சுண்டலும் அப்படியே. வேகவைத்தது 100 கிராமில் 27 கிராம், அதில் நார்ச்சத்து ஏழு போகும். சின்னக் கிண்ணம் நிறைய வைத்தால் கணக்கு எகிறிவிடும்.

மக்கானா (தாமரை விதை என்று விற்கும் பொரி) இப்போது எல்லா மால்களிலும் டப்பா டப்பாவாக நிற்கிறது. 100 கிராமுக்கு 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. காற்று மாதிரி லேசாக இருப்பதால் ஒரு டப்பா நிறையப் போட்டாலும் 15 கிராம்தான் எடை வரும், அதனால் 11, 12 கிராம் கார்ப்போடு பிழைத்துக்கொள்கிறது. மசாலா தூவிய பாக்கெட்டுகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். அது குளுக்கோஸைப் போல வேகமாக ஏறும். வெறும் மக்கானா வாங்கி, அரை ஸ்பூன் நெய்யில் சின்னத் தீயில் பத்து நிமிடம் வறுத்து மிளகுத்தூள் போடுவதே மேல். விரலால் நசுக்கினால் பொடியாக வேண்டும். ரப்பர் போல வளைந்தால் வறுபடவில்லை, பிள்ளை தொடாது. மதிப்பெண் மூன்று.

வேர்க்கடலைக்கு நான்கரை. வறுத்தது 30 கிராமில் சுமார் 5 கிராம் மாவுச்சத்து, எட்டு கிராமை ஒட்டிப் புரதம். அரை மதிப்பெண் குறைத்தது தொண்டையில் சிக்கும் ஆபத்துக்காக. ஐந்து வயதுக்குள் முழுக் கடலை கூடாது. தோல் நீக்கி, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் கொரகொரப்பாக உடைத்து, ஸ்பூனோடு அனுப்புங்கள். மசாலா கடலை வேண்டாம். மேலே ஒட்டிய மாவில் மாவுச்சத்து இரு மடங்கை ஒட்டிப் போய்விடும். வகுப்பில் யாருக்காவது கடலை அலர்ஜி உண்டா என்று மிஸ்ஸிடம் கேட்டுவிடுவது நல்லது.

சீஸ் க்யூபுக்கும் நான்கரை. அமுல் 200 கிராம் பெட்டியில் எட்டு க்யூப், ஒன்று 25 கிராம், மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் கீழ். உப்பு அதிகம் என்பதால் ஒன்று போதும். ஃபாயில் சுற்றியபடியே வையுங்கள். பிரித்து வைத்தால் பத்து மணிக்குள் வியர்த்துப் பிசுபிசுக்கும். பக்கத்தில் நீளவாக்கில் வெட்டிய வெள்ளரிக்காய் 50 கிராம் வைத்தால் 2 கிராம்தான் கூடும். உப்பை வீட்டிலேயே தூவாதீர்கள், டப்பா குளமாகிவிடும்.

பனீர் 50 கிராமில் மாவுச்சத்து ஒன்று, ஒன்றரை கிராம். ஆவின் ஆனாலும் வேறு எதுவானாலும் பாடு ஒன்றுதான். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் பனீர், முட்டை போன்றவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது என்பது பொது விதி. நம் ஊரில் ஆண்டில் பாதி நாள் அந்தக் கணக்குதான். இன்சுலேட்டட் பையும் உறைய வைத்த ஐஸ் பேக்கும் இல்லாமல் அனுப்பாதீர்கள். துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் மஞ்சள், மிளகு, உப்பு போட்டு நாலு நிமிடம் புரட்டி, தட்டில் பரப்பி, முழுக்க ஆறி ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகுதான் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி திரண்டு துண்டுகள் மேலேயே சொட்டும். ஊசிப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதே பையில் போகக்கூடிய இன்னொன்று முட்டைப் பணியாரம், பள்ளியில் முட்டைக்குத் தடை இல்லையென்றால். ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை. மூன்று குழி வரும், எல்லாம் சேர்த்து 2 கிராமுக்குள். குழியை முக்கால்தான் நிரப்ப வேண்டும். தீ கூடினால் பொங்கி எழுந்து, இறக்கியதும் சப்பென்று அமுங்கிவிடும், நடுவில் வேகாமலும் நிற்கும். சின்னத் தீயில் மூடி இரண்டு நிமிடம், திருப்பி ஒன்றரை நிமிடம்.

ஃப்ளேவர் யோகர்ட், புரோட்டீன் பார் இரண்டையும் விட்டுவிடலாம். முன்னதில் சர்க்கரை, பின்னது பெரியவர்களுக்கானது.

பி.டி. பீரியட் உள்ள நாளில் இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றக் கூடாது. ஓடி ஆடப் போகிற பிள்ளைக்கு மாவுச்சத்து தேவை. ஒரு ஏலக்கிப் பழம் 12 கிராமை ஒட்டிக் கொடுக்கும். அளவை டாக்டரிடம் கேட்டு நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று வாங்கியே ஆக வேண்டும். டப்பாவில் போட்ட எடையை லேபிளில் உள்ள 100 கிராம் கணக்கால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கார்ப் வந்துவிடும். நார்ச்சத்தைக் கழிப்பதா வேண்டாமா என்று டயட்டீசியனிடம் ஒருமுறை முடிவு செய்து, எப்போதும் அதே முறையில் கணக்குப் போடுங்கள். மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி எண்ணை எழுதிவிட்டால் ஆயாம்மாவுக்கும் புரியும். மிச்சம் வைத்தால் எவ்வளவு என்று திரும்பி வரும்போது தெரியும்.

மேலே சொன்ன எதுவும் லோ ஆனால் கொடுப்பதற்கு உதவாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே இறங்கிய பிள்ளைக்குச் சீஸும் கடலையும் கொடுத்தால் நேரம்தான் வீணாகும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும்கூட வேண்டாம், அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம் குளுக்கோஸ் பொடியை எடைபோட்டுச் சின்ன ஜிப் கவரில் கட்டி, ஸ்நாக்ஸ் டப்பாவில் அல்லாமல் பையின் வெளி ஜிப்பில் வையுங்கள். இரண்டு கவர் வைப்பது நல்லது, 15 நிமிடம் கழித்துப் பார்த்தும் ஏறவில்லை என்றால் இரண்டாவது தேவைப்படும். மழைக்காலத்தில் பொடி கல்லாக இறுகிவிடும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளை மயங்கியிருந்தாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் போடக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று அந்தக் கவரின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.