எதிர்சேவை இரவும் ஏஐ டீனாய்ஸும்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவையும் விடியுமுன் அவர் வைகை ஆற்றில் இறங்குவதையும் படமெடுப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 6400, 12800 எல்லாம் சாதாரணம். தல்லாகுளம் கூட்டத்தில் ட்ரைபாட் விரிக்க இடமிருக்காது, ஆடுகிறவர்கள் நமக்காக நிற்கவும் மாட்டார்கள், ஆக ஷட்டரை 1/250-க்குக் கீழே இறக்க வழியே இல்லை. வெளிச்சம் குறைந்தால் நாய்ஸ், அதாவது படமெங்கும் பொடிப் புள்ளிகள், வரத்தான் செய்யும், எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும்.

ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) இந்த நாய்ஸை ஏஐ கொண்டு நீக்கும் ஏஐ டீனாய்ஸைச் சில வருடங்களாகவே பயன்படுத்துகிறேன். டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2020-லேயே டீப்பிரைம் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்துவிட்டது, அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் 2023 ஏப்ரலில் வந்தது. பழைய ஸ்லைடர்கள் நாய்ஸோடு சேர்த்து நுணுக்கங்களையும் மழுப்பிவிடும். இவை சென்சார் பதிந்த மூலத் தரவிலேயே கை வைப்பதால் ஜரிகையும் முகத்தின் தோலும் அப்படியே நிற்கின்றன. 12800-இல் எடுத்ததை ஆல்பத்தில் முழுப்பக்கமாகவே போட முடிகிறது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

தகராறெல்லாம் இந்த டீனாய்ஸின் ஸ்லைடரை ஏற்றும்போதுதான். தோப்பரை என்ற தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்களே, இருட்டில் அந்தத் துளிகளும் நாய்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் 70-க்கு மேலே போனால் சின்னத் துளிகள் காணாமல் போகின்றன, மிஞ்சியது வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது. தூரத்து முகங்கள் பொம்மைக் கண்ணோடு முறைக்கும். இன்னொன்று, தூரத்து ஃபிளெக்ஸ் பேனர்: மெய்யெழுத்தின் புள்ளிகள் அழிந்து, சில இடங்களில் எந்த மொழியிலும் இல்லாத கோடுகள் முளைக்கும். இல்லாததை ஊகித்து வரைவதுதான் இது, சுத்தம் செய்வது என்று இதைச் சொல்ல மாட்டேன்.

அதனால் 25-இலிருந்து 40-க்குள் நிறுத்திவிடுகிறேன். "அண்ணே, படம் கிளீனா வேணும்" என்று கேட்பவர்கள்கூட அச்சில் பார்த்துவிட்டுக் குறை சொன்னதில்லை, ஏனென்றால் திரையில் 200 சதவீதத்தில் தெரியும் பொடியெல்லாம் 12x18 அச்சில் தெரியவே தெரியாது. டீனாய்ஸை முதலிலேயே முடித்துவிட்டு அப்புறம் மாஸ்க், ஷார்ப்பனிங் பக்கம் போவது நல்லது.

டிஸ்க்கையும் யோசித்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலில் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம்தான் பதிவாகும், டீனாய்ஸ் முடிந்து உருவாகும் லீனியர் டிஎன்ஜி ஃபைலில் மூன்று, அதனால் ஃபைல் மூன்று மடங்குவரை வீங்கும். லைட்ரூமின் 2025 பதிப்புகளில் தனி டிஎன்ஜி இல்லாமலே செய்யலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் படத்துக்குப் படம் காத்திருக்க வேண்டும், ஒரு இரவு எடுத்த மொத்தத்தையும் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், அவ்வளவுதான். எனக்கு அது ஒத்துவராது, தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும்தான் போடுகிறேன்.

காசு செலவழிக்க யோசிப்பவர்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கேமராவும் எந்த ஐஎஸ்ஓ-வில் எவ்வளவு நாய்ஸ் தரும் என்ற அளவுகளை வைத்து அதில் நாய்ஸ் குறைக்கலாம், 3200 வரை எனக்கு அதுவே போதும். அலங்காநல்லூரில் பகல் வெயிலில் மாடு பிடிக்கிறதை எடுக்கிறவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை.