இயற்கைப் படச் சீட்டுகள்: ஜோடியா, குவார்டெட்டா?

பறவை, பூ, பூச்சி என்று படம் போட்ட குழந்தைகள் சீட்டுகளைச் சேர்க்க இறங்குபவர் முன்னால் மூன்று வகைகள் இருக்கின்றன. ஒவ்வொரு படமும் இரண்டு முறை வரும் ஜோடிக் கட்டு, நான்கு சீட்டு சேர்ந்தால் ஒரு குடும்பம் என்னும் குவார்டெட் கட்டு, ஆட்டின், இஸ்பேட் குறிகளோடு படமும் அச்சான வழக்கமான 52 சீட்டுக் கட்டு. மூன்றையும் வாங்கிப் பார்த்தவன் நான். இப்போது குவார்டெட்டைத்தான் தேடி வாங்குகிறேன்.

படம் அழகா, அட்டை கனமா என்பதெல்லாம் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: சீட்டு தொலைவது. குழந்தைகள் ஆடிய கட்டில் ஒன்றாவது காணாமல் போயிருக்கும் என்று எண்ணித்தான் பழைய கட்டை வாங்க வேண்டும். எது போயிற்று என்று அந்தக் கட்டே சொல்ல வேண்டும்.

குவார்டெட் சொல்கிறது. ஜெர்மானியக் கட்டுகளில் பெரும்பாலும் எட்டுக் குடும்பங்கள், 32 சீட்டுகள். மூலையில் 1ஏ, 1பி என்று தொடங்கி 8டி வரை குறி இருக்கும். ஆந்தைக் குடும்பத்தில் கூகையை எடுத்தால், படத்துக்குக் கீழே மற்ற மூன்று ஆந்தைகளின் பெயர்களும் அச்சாகியிருக்கும். "உன்னிடம் கூகை இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஆட்டம் என்பதால் வந்த ஏற்பாடு இது. சேகரிப்பவருக்கு அதுவே சரிபார்ப்புப் பட்டியலாகிவிடுகிறது. பெட்டி இல்லாமல் வந்த கட்டைக்கூட இரண்டே நிமிடத்தில் சரிபார்க்கலாம். (இந்த வகையில் பேர்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனின் ஜாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஹேப்பி ஃபேமிலீஸ்'. அதில் பூவும் இல்லை, பறவையும் இல்லை; ரொட்டிக்காரரும் கசாப்புக்காரரும்தான்.)

குறையும் உண்டு. தொலைந்த 5சி-க்குப் பதில் அதே பதிப்பின் 5சி-தான் வேண்டும். அரைகுறையான இன்னொரு கட்டை வாங்கி எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் பின்புறத்தின் நிறம் ஒரு சாயல் வெளுத்திருந்தாலும் போதும், அது யார் கையில் இருக்கிறது என்று குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வாங்குமுன் பின்புறத்தையும் மூலை வளைவையும் ஒப்பிட்டுவிடுங்கள்.

ஜோடிக் கட்டின் பலம் இதற்கு நேர் எதிர். 1959இல் ஜெர்மனியின் ராவென்ஸ்பர்கர் நிறுவனம் வெளியிட்ட, கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஜோடி தேடும் 'மெமரி' ஆட்டத்தின் வழியில் வந்தவை பல. ஒன்று தொலைந்தால் அதன் ஜோடியையும் எடுத்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் தடித்த சதுர அட்டைதான் சரி. ஆனால் ஜோடியாகவே தொலைந்திருந்தால் மிச்சக் கட்டில் அதற்குத் தடயமே இருக்காது. பெட்டியில் எண்ணிக்கை இல்லையென்றால் முழுக் கட்டு என்று நம்பி வாங்க வேண்டியதுதான்.

52 சீட்டுக் கட்டை அடுக்கிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும் என்பது உண்மை. என் குறை படத்தைப் பற்றியது. பல கட்டுகளில் பின்புறம் மட்டுமே பறவை, அதுவும் ஒரே பறவை. ஒவ்வொரு சீட்டிலும் வெவ்வேறு பறவை என்றால் மட்டும் வாங்குவேன்.

ஜப்பானின் ஹனஃபுடா என்னும் பூச்சீட்டுக் கட்டையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு ஒரு செடியோ மரமோ, அதற்கு நான்கு சீட்டு, மொத்தம் 48. நிண்டெண்டோ 1889இல் தொடங்கியதே இந்தச் சீட்டு செய்யத்தான். மாதம் என்பது தை, மாசி அல்ல; பைன் மரமும் கொக்கும் ஜனவரிக்கு உரியவை. பாரம்பரியக் கட்டில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, படத்தைப் பார்த்தே மாதம் தெரிய வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே கட்டு, அதுவும் குழந்தைகள் கைக்குப் போகாதது. ஆகவே அதன் உழைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எந்த வகையானாலும் ரப்பர் பேண்டு போடாதீர்கள். ஓரத்தை வெட்டும், நாளானால் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு காகிதப் பட்டை போதும். பிவிசி உறையும் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறை நல்லது.