கவகவா இலையா, மருந்துக்கடை மாத்திரையா? மாவோரி வீடுகளின் வயிற்று வைத்தியமும் குளிர்கால வைத்தியமும்

மிளகு, திப்பிலி, வெற்றிலை மூன்றும் ஒரே பேரினத்துச் செடிகள். அந்த வம்சத்துக்கு நியூசிலாந்தில் ஒரு பங்காளி இருக்கிறது. பெயர் கவகவா. வடதீவு முழுக்கவும் தென்தீவின் மேல்பகுதியிலும் மர நிழலில் வளரும். இதய வடிவ இலை, கணுக்கணுவாகப் புடைத்த கறுத்த தண்டு. வயிறு உப்பினாலும் பல் வலித்தாலும் சளி பிடித்தாலும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வீடுகளில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இலைதான்.

மாவோரி மருத்துவத்துக்கு ரொங்கோவா என்று பெயர். இலை, பட்டை, வேர் அதில் ஒரு பகுதி மட்டுமே. கரகியா என்னும் வேண்டுதலும் மிரிமிரி என்னும் உருவிவிடுதலும் சேர்ந்தால்தான் வைத்தியம் முழுமையாகும் என்பார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது செடிகளை மட்டும். அதிலும் வீட்டிலேயே செய்துகொள்கிற கைவைத்தியத்தை மட்டும். எதிர்த்தரப்பில் நிற்பவை மருந்துக்கடைச் சரக்கும், சில இடங்களில் டாக்டரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் போட்டியில் காசுக்கும் பங்கு உண்டு. நியூசிலாந்தில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது பெரும்பாலும் இலவசம். பெரியவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். மருந்துச் சீட்டுக்கான 5 டாலர் கட்டணம் 2023 ஜூலையில் எடுக்கப்பட்டு, 2024 ஜூலையில் பலருக்குத் திரும்ப வந்தது. வேலியோரத்துக் கவகவாவுக்கு யாரும் சீட்டு கேட்பதில்லை. சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1907-இல் வந்த தொஹுங்கா ஒடுக்குச் சட்டம் மாவோரி வைத்தியர்களைக் குற்றவாளிகள் ஆக்கியது. 1962-இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்த அறிவு பாட்டிமார் கையிலும் அடுப்படியிலும்தான் தங்கியது. "ஆராய்ச்சி எங்கே?" என்று கேட்பவர்கள் இந்த அரை நூற்றாண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உப்பிய வயிறு: கவகவா, ஹொரொபிடோ, ஆன்டாசிட்

கவகவா போடுவது எளிது. மூன்று நான்கு இலையைக் கழுவிக் கிழித்துப் போட்டு, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் போதும். பச்சை வாசமும் மிளகின் சாயலும் வரும். இலையை மென்றால் நாக்கு லேசாக மரத்துப்போகும். பல்வலிக்கு இது ஏன் கைகொடுத்தது என்பது அப்போது புரியும். பறிக்கும்போது ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்து எடுப்பார்கள். ஒரு அந்துப்பூச்சியின் புழு தின்ற ஓட்டை அது. புழு தேடி வந்த இலையில் சத்து அதிகம் என்பது பாட்டிமார் கணக்கு. கடையில் கீரை வாங்கும்போது நாம் செய்வதற்கு நேர் எதிர்.

ஹொரொபிடோ வேறு சாதி. அதையும் மிளகுமரம் என்றே வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள். ஆனால் மிளகுக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிவப்புத் திட்டுகள் விழுந்த இலை. மென்றால் சில நொடி ஒன்றும் தெரியாது, பிறகு வாயெல்லாம் எரியும். காரணம் பாலிகோடியல் என்ற பொருள். பூஞ்சைக்கு எதிராக, குறிப்பாக கேண்டிடாவுக்கு எதிராக அது வேலை செய்வதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் ஹொரொபிடோ மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. வயிற்றுவலிக்கும் பழைய காலத்தில் மென்றிருக்கிறார்கள்.

கனமான சாப்பாட்டுக்குப் பிறகு, குறிப்பாகப் பன்றி எலும்பும் பூஹா கீரையும் மாவு உருண்டையும் சேர்த்து வேகவைத்த 'பாயில்-அப்' ஒரு கை பார்த்த பிறகு, வயிறு கல்லாகக் கிடந்தால் நான் கவகவா பக்கம். இதமானது, சூடாகத் தண்ணீரும் உள்ளே போகிறது. ஆனால் புளித்த ஏப்பம் நெஞ்சுவரை ஏறி எரிந்தால் ஆன்டாசிட் வேகமாக ஆற்றும். அங்கே இலை இரண்டாம் இடம்தான். ஹொரொபிடோவை எரியும் நெஞ்சில் கொண்டுபோய்ப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கர்ப்பிணிகள், தினமும் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு இலையையும் கேட்டுவிட்டே தொட வேண்டும். கவகவாவில் மிரிஸ்டிசின் போன்ற வீரியமான பொருள்கள் இருக்கின்றன. இலைதானே என்று குடம் குடமாகக் குடிக்கும் சங்கதி இல்லை.

இதே கவகவாவைப் பொட்டலத் தேநீராகவும் வாங்கலாம். பறித்த இலையா, பொட்டலமா என்று கேட்டால் பறித்த இலைதான். பொட்டலத்தில் எந்த இடத்து இலை, எத்தனை நாள் பழசு என்பது தெரிவதில்லை. பறிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும் பொட்டலம். தெரியாத கை காட்டில் இலை பறிப்பது ஆபத்து. டூடு என்ற புதர் அங்கே சாதாரணமாக வளரும், உயிரையே வாங்கும் விஷம். கோவாய் மரத்தின் மஞ்சள் பூ கண்ணைப் பறிக்கும், விதையோ நஞ்சு.

வயிற்றுப்போக்கு: கொரொமிகோவுக்குப் பதக்கம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு முதலிடம்

கொரொமிகோ என்ற புதர்ச்செடியின் கதை பெருமைக்குரியது. நுனியில் இன்னும் விரியாத கொழுந்தைக் கிள்ளி மெல்ல வேண்டும். கசப்பும் துவர்ப்பும் தொண்டைவரை இறங்கும். சீதபேதிக்கு அதுதான் மருந்து. இரண்டாம் உலகப் போரில் கடல்கடந்து போன மாவோரி வீரர்களுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தபோது, காய்ந்த கொரொமிகோ இலையை ஊரிலிருந்து அனுப்பிவைத்தார்கள்.

ஆனாலும் வயிற்றுப்போக்கில் ஆளைக் கொல்வது நீரிழப்பு. அதைக் கொரொமிகோ ஈடுகட்டாது. குழந்தைக்கு வயிற்றால் போனால் முதலில் ஓ.ஆர்.எஸ்., கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. கடையில் கிடைக்கும் லோபராமைடு போக்கை நிறுத்துமே தவிர கிருமியை வெளியேற்றாது. சின்னக் குழந்தைகளுக்குக் கூடாது, ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் கூடாது. அந்த லோபராமைடோடு ஒப்பிட்டால், பெரியவர் ஒருவர் ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே இரண்டு கொழுந்து மெல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2016-இல் ஹேவ்லாக் நார்த் ஊரில் குடிநீரிலேயே கேம்பிலோபாக்டர் என்ற கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். அப்படி ஒரு சமயத்தில் எந்த இலையையும்விடக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் பெரிய மருந்து.

இன்னொன்று: நர்சரியில் 'ஹீபி' என்று விற்கும் அழகுச் செடிகள் கொரொமிகோவின் உறவுகள்தான், பல கலப்பினங்கள். அவற்றைக் கிள்ளி மென்றுவிட்டு ரொங்கோவா வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

மலச்சிக்கல்: இங்கே வெளியூர்க்காரர் ஜெயிக்கிறார்

ஹாரகேகே என்ற நார்ச்செடியின் வேர்க் கஷாயம் பழைய பேதி மருந்து. கடுமையானது. அளவு தெரிந்த கை கொடுத்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். இதே செடியின் அடியில் ஊறும் கோந்து தீப்புண்ணுக்குத் தடவ நல்லது. அது வேறு கதை.

வீட்டில் செய்துகொள்ள எனக்குப் பிடித்தது பச்சை கிவிப்பழம். நாளைக்கு இரண்டு. இசப்கோலோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் மூன்று நாடுகளிலும் சோதனை நடத்தியிருக்கிறார்கள். பழம் தோற்கவில்லை, வயிற்று அசௌகரியமும் குறைந்தது. கிவி மாவோரிச் செடி கிடையாது. 1904-இல் இசபெல் ஃபிரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை சீனாவிலிருந்து வாங்காநுயிக்கு விதை கொண்டுவந்தார். இன்று பே ஆஃப் பிளென்டி பகுதியில் மாவோரி நில அறக்கட்டளைகளே கிவித் தோட்டங்கள் வைத்திருக்கின்றன. இலையுதிர்காலத்தில் அறுவடை, குளிர்காலம் முழுக்கக் கையிருப்பு. சொந்தத் தோட்டத்துப் பழம் இருக்கும்போது பேதி வேரைத் தோண்டுவானேன்?

இருமலும் சளியும்: கூமரஹோ, மானுகா, தேன்

கூமரஹோ வடதீவின் வடபாதியில்தான் வளரும். வசந்தத்தில் பொன்மஞ்சளாகப் பூத்தால் கூமரா என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நடும் காலம் வந்தது என்று கணக்கு. பூவைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினால் சோப்பு மாதிரி நுரைக்கும்; கௌரி என்ற மரத்தின் பிசினைத் தோண்டிய கூலிகள் இதைத் தேய்த்துத்தான் கைகழுவினார்கள். அந்த நுரைக்குக் காரணமான சபோனின் சளியை இளக்கும் என்று கருதுகிறார்கள். இலையைக் கொதிக்கவைத்த கஷாயம் மூச்சிரைப்புக்கும் நெஞ்சுச்சளிக்கும் போகும். நிலவேம்புக்குப் பழகிய நாக்கே கொஞ்சம் யோசிக்கும் கசப்பு.

இங்கே ஒரு கிளைக்கதை. உலோகப் பாத்திரம் வருவதற்கு முன் அடுப்பில் ஏற்றிக் கஷாயம் காய்ச்சும் வழக்கம் மாவோரிகளிடம் இல்லை. சுட்ட கல்லின் மேல் இலையைப் போட்டு ஆவி பிடிப்பார்கள், மெல்வார்கள், அரைத்துக் கட்டுவார்கள். இன்று பாரம்பரியம் என்று நாம் குடிக்கும் கஷாயங்கள் பலவும் பாத்திரத்தோடு பெருகியவை. அப்படி வந்து சேர்ந்த பாத்திரங்களில் ஒன்று நம்முடையது. 1836 வாக்கில் வாங்காரேய் அருகே மிஷனரி வில்லியம் கொலென்சோ பார்த்தபோது, ஒரு வெண்கலக் கப்பல் மணியைக் கவிழ்த்து வைத்து அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். மணியின் விளிம்பில் தமிழ் எழுத்து. இப்போது அது வெலிங்டனில் தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மானுகா என்ற புதர்ச்செடியின் இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதம். கொதிநீர்ப் பாத்திரத்தை மட்டும் குழந்தைகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். மருந்துக்கடையில் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் 2011-இல் சீட்டு மருந்தாகி, 2024-இல் மறுபடி கவுன்டருக்கு வந்தது. வேகமானது என்பதில் சந்தேகம் இல்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஒத்துவராது. அப்படிப்பட்டவருக்கு ஆவி மேல்.

இருமலுக்குத் தேன்தான் என் தேர்வு. குழந்தைகளின் இருமலைத் தணிப்பதில் தேனுக்குச் சோதனை ஆதாரம் உண்டு. கூமரஹோவுக்கு அந்த அளவு கிடையாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோயின் அபாயம். மானுகாத் தேனின் சிறப்பு மெத்தில்கிளையாக்சால். புண்ணில் தடவும்போது அது பேசும். தொண்டை இருமலுக்காக லேபிளில் தர எண் கூடிய விலையுயர்ந்த பாட்டிலை வாங்குவது வீண்செலவு என்பேன். சாதாரணத் தேனும் எலுமிச்சையும் போதும்.

தடுப்பூசியோடு எந்த இலையையும் ஒப்பிட நான் தயாராக இல்லை. 1918 ஃப்ளூ காய்ச்சலில் நியூசிலாந்தில் இறந்த சுமார் 9,000 பேரில் 2,500 பேர் வரை மாவோரிகள். விகிதத்தில் பார்த்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு. 65 வயது நிறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஃப்ளூ ஊசி இலவசம். ஈரமும் குளிரும் ஏறிய வாடகை வீட்டில் கூமரஹோ எத்தனை டம்ளர் குடித்தாலும் மார்ச்சளி திரும்பத் திரும்ப வரும். வரவேற்பறையை 18 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட்டர் வைக்க வேண்டியது சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவதும் குளிர்கால வைத்தியம்தான்.

போட்டியே இல்லாத இரண்டு இடங்கள்

முதலாவது, குழந்தையின் தொண்டைவலி. ஸ்ட்ரெப் கிருமியால் வந்த தொண்டைவலியைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முடக்குக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். நியூசிலாந்தில் இந்த நோயின் சுமை பெரும்பாலும் மாவோரி, பசிபிக் தீவுக் குழந்தைகள் மேல்தான். தொண்டையில் பஞ்சு தடவிச் சோதிக்க வேண்டும். ஸ்ட்ரெப் என்றால் ஆன்டிபயாட்டிக்கை நாள் கணக்கு முடியும்வரை கொடுக்க வேண்டும். தேன் தடவி வலி குறைந்ததும் மறந்துவிடுவதுதான் இங்கே ஆபத்து. நோய் வந்துவிட்டால் நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு.

இரண்டாவது, விடாத வயிற்றுவலி. தௌரங்கா பக்கத்து மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இளவயதினர் இரைப்பைப் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார்கள். சாபம் என்றுகூடச் சொன்னார்கள். அந்தக் குடும்பமே ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடியது. பாரி கில்ஃபோர்ட் குழுவோடு சேர்ந்து தேடியதில் சி.டி.எச்.1 என்ற மரபணுவில் பிழை இருப்பது தெரிந்து, 1998-இல் நேச்சர் இதழில் வெளியானது. உலகெங்கும் இந்தப் பரம்பரை நோய்க்கு இன்று செய்யும் மரபணுச் சோதனைக்கு வழிவிட்டது அந்தக் கண்டுபிடிப்புதான். ஆகவே குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ, சாப்பாடு இறங்க மறுத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, நேராக டாக்டரிடம் போக வேண்டும். என்னென்ன கஷாயம் எத்தனை நாளாகக் குடிக்கிறோம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.