சுனாமிக்குத் திட்டம் இருந்தது, மண்சரிவுக்கு இல்லை

அனர்த்தம் வந்தாலும் கணக்கு அழியாது என்று சொல்லி எங்கள் சங்கத்துக்குத் திட்டம் விற்ற கம்பனியின் பெயரைப் போட வேண்டாம் என்று எங்கள் நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை. ஆனால் இதே ஆட்கள் மலையகத்தில் மற்றச் சங்கங்களுக்கும் 'அனர்த்த மீட்புத் திட்டம்' விற்றுக்கொண்டு திரிவதாகக் கேள்வி. 2025 நவம்பரில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இந்தச் சரக்குக்கு நல்ல கிராக்கி. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்னச் சேமிப்பு, கடனுதவிச் சங்கம். ஏறக்குறைய 1,100 அங்கத்தவர்கள், பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் அம்மாமார். கணக்கு முழுவதும் ஒரே கொம்பியூட்டரில்தான் இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் அரசாங்க மின்னஞ்சல் சேர்வரை ரான்சம்வேர், அதாவது தரவைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் வைரஸ், தாக்கியது நினைவிருக்கும். ஏறக்குறைய 5,000 முகவரிகள், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த அஞ்சல் எல்லாம் போயே போய்விட்டது. அந்தக் காலத்துக்குப் பெக்கப், அதாவது வேறிடத்தில் எடுத்து வைத்த நகல், இல்லை. அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டுதான் விற்பனையாளர் வந்தார். "கெபினட் ஒபிஸுக்கே இந்தக் கதி ஐயா" என்று எங்கள் தலைவரிடம் அவர் சொன்னதும், அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆரம்பத்தில் 1,85,000 ரூபா, பிறகு மாதாமாதம் 9,500.

கைக்கு வந்தது 64 பக்கத்தில் கலர் அட்டை போட்ட ஒரு புத்தகம். அனர்த்தத்திலும் வேலை நிற்காமல் நடத்துவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22301 முறைப்படி செய்தது என்று முன்பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். நான் அதை ஒழுங்காக வாசிக்கவில்லை, அது என் பிழை. வாசித்திருந்தால் 31ஆம் பக்கத்தில் பிடித்திருப்பேன்: சுனாமி எச்சரிக்கை வந்தால் ஊழியர்கள் எந்த வழியால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அங்கே விளக்கமாக எழுதியிருந்தது. நாங்கள் இருப்பது நாலாயிரம் அடிக்கு மேல்! யாரோ கரையோரக் கந்தோர் ஒன்றுக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மண்சரிவு என்ற சொல் புத்தகம் முழுவதும் ஒரே ஓர் இடத்தில், அதுவும் பட்டியலுக்குள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை இந்தப் பக்கத்தில் தெரியாத ஆளில்லை. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு. எங்களுக்கு எழுதுகிற திட்டம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாவது கட்டம் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கை யார் கழற்றுவது, யார் வீட்டுக்குக் கொண்டு போவது, சாவி யாரிடம்? இந்த மூன்றையும் எழுத அரைப் பக்கம் போதும்.

நவம்பர் 28 காலை ஒபிஸுக்குப் பின்னால் இருந்த மண்மேடு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஆட்கள் யாரும் இல்லை, அந்த மட்டில் கடவுள் புண்ணியம். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்த மழைக்கு முன்னால் எங்கள் கொம்பியூட்டர் ஒரு பொருட்டே இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வீடு போனவர்கள் சேமிப்பை எடுக்க வரும் நேரம் அதுதானே.

கரண்ட் இல்லை, போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, வீதிகள் அடைபட்டன. கம்பனியின் 'இருபத்துநாலு மணி நேர' இலக்கத்துக்கு எடுத்து எடுத்துக் களைத்து, ஒன்பதாவது நாள்தான் அவர்களுடைய பையன் ஒருவன் லைனில் கிடைத்தான். "பயப்படாதீங்க அண்ணே, கிளவுட்ல எல்லாம் இருக்கு" என்றான். இணையத்தில் அவர்கள் எடுத்து வைத்த நகல் இருந்தது உண்மைதான். திறந்து பார்த்தால் கடைசிப் பதிவு ஜூன் மாதம்!

நடந்தது இதுதான். ஜூனில் எங்கள் கணக்கு மென்பொருளைப் புதிதாக்கினார்கள், அதுவும் இதே கம்பனிதான். புதிய மென்பொருள் தரவை வேறு போல்டரில் போட்டது. பெக்கப் மட்டும் பழைய போல்டரையே தினமும் இரவு 11 மணிக்குத் தவறாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தது. மாதாந்த ரிப்போர்ட்டில் பச்சைச் சரி அடையாளம். "ஜொப் சக்ஸஸ்னுதானே அண்ணே காட்டுது" என்றான் பையன். ஒரு தடவையாவது அதைத் திருப்பி ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. அட்டையில் போட்ட அந்த ஐஎஸ்ஓ தரமே ஒத்திகை பார்க்கச் சொல்கிறது என்பது எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

நட்டஈடு கேட்டோம். ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவைக் காட்டினார்கள்: இயற்கை அனர்த்தத்தால் வரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அனர்த்தத்துக்கென்றே விற்ற சாமானுக்கு! மழையில் நனைந்தால் உத்தரவாதம் கிடையாது என்று சொல்லிக் குடை விற்ற கதை. உங்களிடம் இப்படி யாராவது வந்தால் முதலில் அந்தப் பிரிவை வெட்டச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கண் முன்னால், வேறு ஒரு கொம்பியூட்டரில், நேற்றைய கணக்கை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். காசு அதற்குப் பிறகு.

ஐந்து மாதக் கணக்கை அங்கத்தவர்களின் பாஸ் புத்தகங்களை வைத்துத்தான் மீட்டோம். பணிய லயத்து அம்மா ஒருவர் சொப்பிங் பேக் மூன்றைச் சுற்றி, நடுவில் நூல் கட்டிக் கொண்டு வந்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை. "பத்திரமா வச்சிக்கச் சொன்னது நீங்கதானே தம்பி" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. புத்தகமும் மண்ணோடு போனவர்கள் 37 பேர். அவர்களுக்கு மட்டும் குழு முன்னால் சொன்ன தொகையை எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.

இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று வாராவாரம் பொருளாளரின் தங்கச்சியோடு பஸ்ஸில் கம்பளைக்குப் போகிறது. போன வெள்ளிக்கிழமை முதல் ஒத்திகை பார்த்தோம், ஒரு பழைய லெப்டொப்பில். தொகை எல்லாம் சரியாக வந்தது. பெயர்கள் மட்டும் புரியாத ஆங்கில எழுத்தாக வந்து நின்றன. அந்த லெப்டொப்பில் பாமினி எழுத்துரு இல்லை. அதையும் இப்போது டிஸ்க்கில் போட்டு வைத்திருக்கிறோம்.